‘எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?’: பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த களஆய்வு

தர்மபுரிப் பக்கம் சமூகவியலோ சமூகப்பணியோ முதுகலை படிக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேட ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி இரண்டு இடத்தில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று பெண் குழந்தை, இல்லாவிட்டால் தண்ணீர். இரண்டும் இந்த மாவட்டத்தின் மேல் வெளியாட்கள் ஒட்டிவிட்டுப் போன அடையாளங்கள், நூலகத்திலும் அவைதான் கிடைக்கும். நான் வழிகாட்டியாக இருந்த ஒரு மாணவி தண்ணீரை எடுத்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் மக்கள் ஏன் போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. நேர்காணல், கவனித்தல், குறிப்பெழுதுதல் என்று முழுக்கப் பண்புசார் முறையில் செய்வது என்று முடிவானது.

அந்த ஆய்வு எங்கே முட்டியது, கடைசியில் கேள்வியே எப்படி ஆளை மாற்றிக்கொண்டது என்பதை மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர் பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது, அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஏன் இவ்வளவு மறைப்பு என்பது கட்டுரையின் பின்பாதியில் புரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதி முழுக்கக் கடினப் பாறை. அதில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன, நிலத்தடி நீர் பாறையோடு நீண்ட காலம் கிடக்கும்போது அது கரைந்து நீரில் இறங்குகிறது. மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகள் இன்னும் கீழே போகப்போகப் பிரச்சினை கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தரநிலை 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை விடுகிறது. கூடினால் பல்லில் காவிக் கறை, ரொம்ப வருடம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். நாக்குக்கு ருசியில் தெரியாது, மூக்குக்கு வாசனையில் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. இதற்குத் தீர்வாகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2008ல் அடிக்கல், 2013ல் திறப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது.

இதில் ஒரு விவரத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லில் வரும் கறை, பல்லின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது கிட்டத்தட்ட எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரால் வருவது. அறுபது வயதுக்காரர் பல்லில் இன்று நாம் பார்க்கும் கறை அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்த கிணற்றைப் பற்றிப் பேசுகிறது, நேற்று குடித்த தண்ணீரைப் பற்றி அல்ல.

எல்லா வீட்டிலும் ஒரே பதில்

மாணவி முதல் சுற்றில் போனது கேள்விப் பட்டியலோடு. வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார், ஒழுங்காகவும் எழுதியிருக்கிறார். திரும்பி வந்து நோட்டை நீட்டியபோது முகம் வாடியிருந்தது. ஏனென்றால் எல்லா வீட்டிலும், ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில், ‘ஒகேனக்கல் தண்ணி தாங்க குடிக்கிறோம், போர் தண்ணியெல்லாம் குடிக்கிறதில்லை’ என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பே காலி. வேறு ஊருக்குப் போகட்டுமா, தலைப்பை மாற்றட்டுமா என்று கேட்டார்.

எனக்கு அந்த நோட்டில் இருந்த பதில்களைவிட இல்லாத விஷயங்கள்தான் உறுத்தின. ஒவ்வொரு பக்கத்திலும் பெயருக்குப் பதில் ஒரு எண், வயது, கேள்வி, பதில். அவ்வளவுதான். அப்போது மணி என்ன, எங்கே உட்கார்ந்து பேசினார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், பதில் சொன்னவர் கையில் என்ன வேலை இருந்தது, ஒன்றும் இல்லை. யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டேன். ‘டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சார். ரொம்ப நல்ல மனுஷன். வேலையை விட்டுட்டு எல்லா வீட்டுக்கும் கூடவே வந்தாரு.’

சரி. தொட்டியை நிரப்புவதும் வால்வைத் திறந்துவிடுவதும் யார் வேலையோ, அவர் வாசலில் நிற்கும்போது ‘உங்க வீட்டுக்குத் தண்ணி ஒழுங்கா வருதா, அதைத்தான் குடிக்கிறீங்களா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? வரவில்லை என்று சொன்னால் அவர் மேல் புகார் சொன்ன மாதிரி. வருகிறது, ஆனால் குடிப்பதில்லை என்றால் அவர் உழைப்பை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நாளைக்கும் அந்த வால்வை அவர்தான் திறக்க வேண்டும். அவர் யாரையும் மிரட்டவில்லை, அப்படிப்பட்ட ஆளும் இல்லை. அங்கே நின்றார், அது போதும்.

ஊருக்குள் நம்மை முதலில் கூட்டிப் போகிறவர் இல்லாமல் களப்பணி நடக்காது, அவர் வழியாக மட்டுமே பார்த்தாலும் நடக்காது. இந்தச் சிக்கலில் பெரியவர்களும் மாட்டியிருக்கிறார்கள். சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் தங்கி ஆய்வு செய்தபோது ஊர்த் தலைவரின் ஆதரவில்தான் இருந்தார். அதனால் மேல்சாதிக்காரர்களோடு இருந்த நெருக்கம் மற்றவர்களோடு அமையவில்லை என்பதை அவரே பின்னால் எழுதியும் இருக்கிறார்.

கழுத்தில் தொங்கிய அட்டை

ஆபரேட்டர் இல்லாமல் மறுபடி போகச் சொன்னேன். பதில்கள் கொஞ்சம் நெகிழ்ந்தன, ஆனால் இன்னொரு பக்கம் இறுகியே இருந்தன. ஊரில் கேன் தண்ணீர் வண்டி தினமும் வருவதை மாணவி கண்ணால் பார்க்கிறார். வீட்டில் கேட்டால் யாரும் கேன் வாங்குவதில்லை. ஒரு வீட்டில் வடிகட்டி இயந்திரத்தின் மேல் துண்டு போட்டு மூடியிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறார்.

நான் கேட்டது ஒன்றுதான்: ‘உன்னை யாருன்னு நினைச்சுப் பேசினாங்க?’ ஆய்வு மாணவி என்று சொன்னேனே சார் என்றார். நாம் சொல்வதும் அவர்கள் நினைப்பதும் வேறு. கழுத்தில் கல்லூரி அட்டை, கையில் செல்போன், நோட்டு, வீட்டில் எத்தனை பேர் என்ற முதல் கேள்வி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், புன்செய் 10 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது, ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனைகள். அதிலிருந்து நோட்டோடு வருகிற யாரைப் பார்த்தாலும் ‘ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கெடுக்க வந்திருக்காங்க’ என்பதுதான் முதல் நினைப்பு. கிடைக்காதவர்களுக்கு இனியாவது கிடைக்குமா என்ற ஆசை, கிடைத்தவர்களுக்கு நின்றுபோகுமோ என்ற பயம். இந்த நிலைமையில் மாதம் முழுக்கக் காசு கொடுத்து கேன் தண்ணீர் வாங்குகிறோம் என்று எந்த வீட்டில் வாய் திறந்து சொல்வார்கள்? பயப்படாதவர்களிலும் பாதிப் பேர் குழு லோன் வசூலுக்கு வந்த கம்பெனிப் பெண் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைப் பொய் என்று எழுதினால் ஆய்வு கெட்டது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள், நாம் கேட்ட கேள்வி அதுவல்ல, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாணவி நோட்டில் ஒவ்வொரு உரையாடலுக்கும் மேலே நான்கு வரிகள் எழுத ஆரம்பித்தார்: நேரமும் இடமும், உடனிருந்தவர்கள், பேசியவர் அப்போது செய்துகொண்டிருந்த வேலை, ‘நான் யாரென்று இவர் நினைக்கிறார்’. கடைசி வரி ஊகம்தான், ஊகம் என்றே எழுதினால் போதும். ஆனால் அந்த நாலு வரி இல்லாத பதிலை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்று வரை என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் கறாராக இருக்கிற ஒரே விஷயம் இதுதான். மற்றபடி என்ன பேனாவில் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அனுமதிப் படிவம் தனிக் கதை. கல்லூரியில் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது என்றால் நிலமோ கடனோ போய்விடும் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, அது நியாயமான எச்சரிக்கையும்கூட. துறையில் பேசி, வாய்மொழிச் சம்மதம் போதும், அதைக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். எதற்காகக் கேட்கிறோம், பெயர் வராது, பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று மூன்றையும் பேச்சுத்தமிழில் சொல்ல மாணவிக்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது. படிவத்தில் இருந்த தமிழை அப்படியே வாசித்தால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பல்லைக் காட்டிய பெரியவர்

ஒரு பெரியவர், மாணவி இன்னும் எதுவும் கேட்கவே இல்லை, திண்ணையில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்து பல்லைக் காட்டிவிட்டு, ‘ஃப்ளோரைடு. எழுதிக்கோ’ என்றாராம். மாணவிக்கு ஒரே சந்தோஷம், மக்களிடம் இவ்வளவு விழிப்புணர்வு இருக்கிறதே என்று.

எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. முதலில், அந்தக் கறை அவர் சின்னப் பிள்ளையில் குடித்த கிணற்றின் கதை, இன்று எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்பதற்குப் பதில் இல்லை. அடுத்து, இந்த மாவட்டம் கேள்விகளுக்குப் பழகிய மாவட்டம். 1989ல் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் முதலில் இறங்கியது இங்கேதான். குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். பெண் சிசுக்கொலை பற்றி விசாரிக்க வந்தவர்கள், தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்திலிருந்து இந்தப் பக்கம் விரிந்தபோது வந்தவர்கள், ஃப்ளோரைடுக்காகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பல்லைப் பார்த்தவர்கள் என்று வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எந்த மாதிரி ஆள் வந்தால் எந்தப் பதில் சொன்னால் சீக்கிரம் எழுந்து போவார்கள் என்று ஊருக்குத் தெரியும். பெரியவர் காட்டியது பல்லை மட்டுமில்லை, இதற்கு முன்னால் வந்த கணக்கெடுப்பாளர்களையும் சேர்த்துத்தான்.

ஆகவே ‘ஃப்ளோரைடு’ என்று மக்கள் சொல்வதை மக்களின் சொந்த விளக்கமாக எடுத்துக்கொண்டு குறியீடு போட்டு வகைப்படுத்தினால், விழிப்புணர்வு முகாமில் சொல்லிக்கொடுத்ததையே நாம் திரும்ப அளந்துகொண்டிருப்போம். மாணவி அதே பெரியவரிடம் இன்னொரு நாள் போய், தண்ணீரைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், வெறுமனே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பேச்சு மூட்டு வலியில் ஆரம்பித்து, மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் ஆளே வராததில் போய் முடிந்தது. ஃப்ளோரைடு என்ற சொல்லே வரவில்லை. வலிக்குக் காரணம் வயசு, கல் உடைத்த வேலை, சாமி குத்தம் என்று வரிசையாக வந்தது. இரண்டு நாள் பேச்சும் அவர் பேச்சுதான். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிட முடியாது.

குழாயடி

‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் கேள்வி இந்த மாதிரி ஆய்வில் பெரும்பாலும் உதவாது என்பது என் எண்ணம். ஏன் போர் தண்ணி குடிக்கிறீங்க என்றால் குற்றம் சாட்டின மாதிரி இருக்கும், எதிரில் இருப்பவர் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பொதுவாக என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் செய்ய வேண்டியதைத்தான் சொல்வார்கள், செய்ததை அல்ல. ‘நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க’ என்று கேட்கச் சொன்னேன். நேற்று என்பது ஒரே ஒரு நாள். அதில் நியாயம் பேச இடம் குறைவு, நடந்தது வந்துவிடும்.

கூடவே, கேட்பதை நிறுத்திவிட்டுக் குழாயடியில் உட்காரவும் சொன்னேன். காலையில் முதல் டவுன் பஸ்ஸில் போய் இறங்கிவிடுவார், பெண்களுக்கு டிக்கெட் இல்லாதது ஆய்வு மாணவிக்கும் பெரிய உதவிதான். முதலில் சும்மா உட்கார்ந்தார், அப்புறம் ஒரு குடம் தூக்கிக் கொடுத்தார், பிறகு யார் வீட்டுக் குடம் எது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அங்கே தெரிந்த விஷயங்கள் எந்த நேர்காணலிலும் வந்திருக்காது.

ஒரு வீட்டுக்கு ஒரு தண்ணீர் என்பதே நம் கேள்வித்தாளின் கற்பனை. சோறாக்க ஒரு தண்ணீர், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. களி கிண்ட எது இருந்தாலும் சரி. வாசலில் பாத்திரம் கழுவ, துணிக்கு, மாட்டுக்குப் போர் தண்ணீர். விருந்தாளி வந்தால் கேன். காட்டு வேலைக்குப் போனால் யார் காட்டில் வேலையோ அந்த மோட்டார் தண்ணீர், வெயிலில் குனிந்து கையால் அள்ளிக் குடிப்பது, அதுதான் ருசி என்று சத்தியம் செய்கிறார்கள். பகலில் குடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் வீட்டுக்கு வெளியிலேயே குடிக்கிறவர்களிடம் போய் ‘உங்க வீட்டுல எந்தத் தண்ணி’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒரு ஆயாவின் நேற்றைய நாள் இப்படி வந்தது. ‘ஒகேனக்கல் தண்ணி உடுற நேரத்துக்கு நான் வேலைக்குப் போயிருவேன் பாப்பா. மருமவ இருந்தா புடிச்சு வப்பா. அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா, அப்ப போர் தண்ணி தான். இதுல என்ன இருக்குது எழுத?’

இதில்தான் எல்லாம் இருந்தது. தண்ணீர் வரும் நேரம் நிலையாக இல்லை. வரும்போது வீட்டில் ஒரு ஆள், பெரும்பாலும் ஒரு பெண், காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் யார் காத்திருப்பது? போர் தண்ணீர்க் குழாய் எந்நேரமும் இருக்கிறது, அது யாரையும் காக்கவைப்பதில்லை. அறியாமை, நம்பிக்கை, பழக்கம் என்று மாணவி முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்த காரணங்கள் ஓரத்துக்குப் போயின. ‘ஏன் குடிக்கிறார்கள்’ என்ற கேள்வி ‘தண்ணீர் வரும்போது வீட்டில் யார் இருக்கிறார்’ என்று மாறியது. அளவெடுக்கும் ஆய்வில் பாதியில் கேள்வியை மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வகை ஆய்வில் கேள்வி மாறாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எழுதும் முறை பற்றி இரண்டு வார்த்தை. குழாயடியில் நோட்டைத் திறந்தால் பேச்சு மாறிவிடும், அதனால் பஸ்ஸில் திரும்பும்போது துண்டு துண்டாகக் குறித்துக்கொண்டு, அன்று இரவே விரித்து எழுதுவது. மறுநாள் எழுதலாம் என்று வைத்தால் பாதி போய்விடும், மீதிப் பாதி நாமே சேர்த்ததாக இருக்கும். பார்த்ததை ஒரு பக்கம், அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியிலேயே ஒரு பக்கம், தனக்குத் தோன்றியதை வேறு மையில். ஒலிப்பதிவு செய்ததை எழுத்தாக்க ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும், அதற்குக் குறுக்குவழி தேடி ‘உடுறாங்க’வை ‘விடுகிறார்கள்’ என்று திருத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. திருத்தும்போது ஆள் காணாமல் போகிறார். இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் இருந்தது: சில வீடுகளில் மாணவியிடம் தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. தெலுங்கில் பேசிக்கொண்டது என்ன என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லை’. குறிப்பில் ‘இங்கே தெலுங்குக்கு மாறினார்கள்’ என்று மட்டுமாவது எழுதச் சொன்னேன், எந்தப் பேச்சில் மாறினார்கள் என்பது பிறகு உதவியது.

பதிவை நிறுத்திய பிறகு பேச்சு ஆரம்பிப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். அப்படி வந்ததைப் பயன்படுத்தலாமா என்று மாணவி கேட்டார். ‘இப்ப சொன்னதை எழுதிக்கட்டுமா’ என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் இழுபறி கிடையாது.

போதும் என்பது எப்போது

இதற்கு மேல் போனாலும் புதிதாக ஒன்றும் வருவதில்லை சார் என்று ஒரு கட்டத்தில் வந்து சொன்னார். கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1967ல் கொடுத்த யோசனை இது. புதிய ஆளிடம் பேசினாலும் புதிய விஷயம் வராத இடத்தில் நிறுத்தலாம், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை முக்கியமில்லை. நல்ல யோசனைதான், ஆனால் நடக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கும் இதுவே புகலிடம். ஊர்ப் படத்தை வரையச் சொல்லி, போன வீடுகளை அதில் புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளிகள் எல்லாம் கோயில் தெருவிலும் மெயின் ரோட்டிலும். காலனியில் ஒன்றிரண்டு. காட்டுக்குள் தனித்தனியாக இருக்கும் கொட்டாய்களில் ஒன்றுகூட இல்லை.

தர்மபுரிப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஊர் என்று பேருக்கு நடுவில் ஒன்று இருந்தாலும், நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு கொட்டாயில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒகேனக்கல் குழாய் அங்கே எட்டாது. அவர்களுக்குச் சொந்த போர்தான் எல்லாம். காலனிக்குப் போனபோது வேறு ஒன்று வந்தது. அங்கே போகும் கிளைக்குழாய் கடைசியில் இருக்கிறது, மேலே பிடித்தது போக மிச்ச அழுத்தம்தான் வருகிறது என்றார்கள். அதைவிட முக்கியமாக, ‘இத்தனை நாள் அந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தியே, அவங்க ஊட்டுல டீ குடிச்சியா?’ என்று ஒரு அம்மா நேராகக் கேட்டார். மாணவி ஆமாம் என்றார். ‘அப்ப இங்கயும் குடி.’ குடித்த பிறகுதான் பேச்சு. களத்தில் நாம் எங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதையும் ஒருவர் கவனித்துக்கொண்டு இருக்கிறார். தண்ணீரைப் பற்றிய ஆய்வில் அது கூடுதலாகவே கவனிக்கப்படும்.

தொட்டிக்குள் என்ன இருந்தது

டேங்க் ஆபரேட்டரை மாணவி முதல் சுற்றுக்குப் பிறகு தவிர்த்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்தால் மக்கள் வாய் மூடிக்கொள்வார்கள் என்ற பாடத்தை அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டதன் விளைவு. வேலை முடியும் நேரத்தில் அவரே வழியில் நிறுத்தி, ‘என்ன பாப்பா, எல்லாருகிட்டயும் தண்ணியைப் பத்திக் கேக்குற, தண்ணி உடுறவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?’ என்றிருக்கிறார்.

தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து அவர் சொன்னது ஆய்வேட்டின் அடிப்படையையே ஆட்டிவிட்டது. ஒகேனக்கல் தண்ணீர் எல்லா நாளும் போதுமான அளவு வந்து சேர்வதில்லை. மின்தடை, மெயின் குழாய் உடைப்பு, மேலே இருக்கும் ஊர்களின் தேவை என்று காரணம் பலவும் சொன்னார். வராத நாளில் ஊர் சும்மா இருக்காது, அவரைத்தான் வந்து பிடிக்கும். அதனால் குறையும் அளவுக்கு ஊர்ப் போரிலிருந்து அதே தொட்டியில் ஏற்றிவிடுகிறார். குழாயைத் திறந்தால் வருவது கலந்த தண்ணீர். எந்த நாளில் எவ்வளவு எது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அப்படியானால் ‘எந்தத் தண்ணி குடிக்கிறீங்க’ என்ற கேள்விக்கு எந்த வீட்டிலும் பதில் இருக்கவே முடியாது. ஒகேனக்கல் தண்ணீர் என்று சொன்னவர்களும் ஒரு பங்கு போர் தண்ணீர் குடித்தார்கள். ‘டேங்க் தண்ணி சில நாள் ருசி மாறும்’ என்று குழாயடியில் இரண்டு பெண்கள் சொன்னது மாணவியின் குறிப்பில் ஏற்கெனவே இருந்தது, பழைய நம்பிக்கை என்ற தலைப்பின் கீழே. வேறு மையில் எழுதியிருந்ததால் அது சொன்னவர்களின் கருத்தா மாணவியின் கருத்தா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பிரித்துப் பார்த்தபோது அந்தப் பெண்கள் நம்பிக்கை எதையும் சொல்லவில்லை, நாக்குக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளோரைடு நாக்குக்குத் தெரியாது, உப்பு தெரியும்.

இனி இதை எப்படி எழுதுவது? ஒரு ஊர், ஒரு தொட்டி, ஒரு ஆபரேட்டர். பெயரை எடுத்துவிட்டு ‘உள்ளூர்ப் பணியாளர் ஒருவர்’ என்று போட்டாலும் ஊராட்சியில் யாருக்கும் ஆள் தெரியாமல் போகாது. அவரிடமே மாணவி கேட்டார். ‘எழுதிக்க, எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே’ என்றார். சம்மதம் இருக்கிறது. ஆனால் சொன்ன விஷயம் எந்த அதிகாரியின் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துச் சொன்ன சம்மதமா அது? குறைந்த சம்பளத்தில் ஊராட்சியின் கீழ் வேலை பார்க்கிறவர். தண்ணீர் குறைவாக வருவது அவர் குற்றம் இல்லை, ஆனால் விசாரணை என்று வந்தால் முதலில் அவர் தலைதான் உருளும். துறையில் இருவர், உண்மையைக் குறைத்து எழுதினால் அது ஆய்வு நேர்மை இல்லை என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மாணவி இன்னும் கொஞ்சம் காலம் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர்த் தொட்டிகள் சிலவற்றையும் போய்ப் பார்த்தார். எங்கே இரண்டு குழாயும் ஒரே தொட்டியில் ஏறுகின்றன என்பதை யாரும் ஏணி போட்டுக் காட்ட வேண்டியதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரிகிறது. பார்த்த இடங்களில் சிலவற்றில் அப்படித்தான் இருந்தது. ஆய்வேட்டில் அந்தப் பகுதி ஒருவரின் வாக்குமூலமாக இல்லாமல், பல ஊர்களில் கண்ணால் கண்ட குழாய் அமைப்பின் விவரிப்பாகப் போனது. எந்த ஊர் என்று பிரித்துச் சொல்லாமல், மேற்கோள் எதுவும் இல்லாமல். ஆபரேட்டர் பேசிய பதிவு அழிக்கப்பட்டது, அழித்ததையும் அவரிடம் சொல்லியாயிற்று. ‘அதுக்குள்ள அழிச்சுட்டியா, என் குரலை நான் ஒருவாட்டி கேட்டிருப்பேனே’ என்றாராம்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, இத்தனை குறைவான வீடுகளை வைத்துக்கொண்டு மாவட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்பது. மாவட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே சார், இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டால் என்ன நடக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றார் மாணவி. தேர்வாளர் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, அந்த நாலு வரிக் குறிப்புகளை எதற்குப் பின்னிணைப்பில் இவ்வளவு நீளமாகப் போட்டிருக்கிறீர்கள், பக்கம் கூடுகிறதே என்று கேட்டார். அதை மட்டும் எடுக்க முடியாது என்று மாணவி சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது, பின்னிணைப்பு அப்படியே இருக்கிறது.